சிரிக்கிற காட்சி

சிரிக்க மாட்டேன் தம்பி. கேமராவ எந்தப் பக்கம் வச்சாலும் இந்த மூஞ்சிதான். அழவும் மாட்டேன். காதுல சத்தம் விழுந்ததும் கண்ணுல தண்ணி வரணும், கையெடுத்துக் கும்பிட்டு மில்லுக்கு நன்றி சொல்லணும். அதானே எழுதிக் குடுத்திருக்காங்க? கிழிச்சுப் போடு.

கத்தாத. நீ கத்தினா உதடு கோணிக்குது, படிக்க முடியல. நாங்க தறி ஷெட்ல உதட்டைப் பாத்தும் விரலைப் பாத்தும் பேசிப் பழகினவங்க. அந்த இரைச்சல்ல பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. சூப்பர்வைசர் முன்னாடியே வேலைநிறுத்தம் பேசி முடிச்சிருக்கோம். ஏதோ மெல்றாங்கன்னு நெனச்சுக்கிட்டு அந்த ஆளு போவான்.

என்னது, பிறவிச் செவிடா? உன் பேப்பர்ல அப்படியா இருக்கு? அடப்பாவிங்களா! ஒரு காலத்துல கொசு பறந்தாக் கேக்கும்யா எனக்கு. இது உங்க மில்லு தின்ன காது. காதுக்கு அடைப்பான் குடுங்கன்னு கேட்டோம். கீழ கழிவுப் பஞ்சு கெடக்குதே, எடுத்துத் திணிச்சுக்கோன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அன்னைக்கு ஒரு துண்டறிக்கை எழுதினேன். கையைத்தான் கூலிக்குக் குடுத்தோம், காதைக் குடுக்கலைன்னு ஆரம்பிக்கும். நான் படிச்ச பள்ளிக்கூடமே துண்டறிக்கைதான், அதான் பேச்சு கொஞ்சம் காரமா வருது.

இங்க பாரு, காதுக்குப் பின்னால கீறி, எலும்பைக் குடைஞ்சு, உள்காதுக்குள்ள ஒரு கம்பியை விட்டிருக்காங்க. வெளியில இந்த வட்டம், காந்தத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. தொட்டுப் பாரு, கடிக்காது. டாக்டரம்மா தங்கமானவங்க, அவங்களக் குத்தம் சொல்லல. ஷெட்ல காது போனவங்க அத்தனை பேரும் சேந்து மில்லு மேல கேஸ் போட்டோம். ஆனா மில்லு செலவுல ஆபரேஷன் ஒரே ஒருத்தனுக்கு. அதுவும் ரொம்ப வம்பு பண்றவனுக்கு. கருணையாம் கருணை!

வேண்டாம்னுதான் சொன்னேன். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரி, அவதான் விடல. எனக்கு அடுத்த தறி அவளோடது. அவளுக்கும் ரெண்டு காதும் போச்சு. நீ முன்னால போய் கதவைத் திற, பின்னால நாங்க எல்லாரும் வர்றோம்னு விரலாலயே சண்டை போட்டா. முதலாளியைக்கூட ஜெயிச்சிருக்கேன் தம்பி, அவகிட்ட முடியாது.

சரி சரி, லைட்டைச் சரி பண்ணு. நான் எங்கயும் ஓடிடல.

என்ன முணுமுணுக்கிற? கிழவன் உசிர எடுக்கிறான், சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பணுமா? கிளம்பலாம், கிளம்பலாம்.

ஏன் அப்படியே நின்னுட்ட? ஆமா, முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் சொன்ன. கேட்டுது. தகர டப்பாக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு, பாதிக்கு இன்னும் உதட்டைத்தான் பாக்கணும், ஆனாலும் கேக்குது. இந்தக் காது மிஷினுக்கு சுவிட்சு போன வாரமே போட்டாச்சுப்பா. அன்னைக்குப் படம் பிடிக்க ஆள் வரலையாம், அதனால இன்னைக்குத்தான் மொதல்ல போடற மாதிரி நடிக்கணுமாம். நடிக்கச் சொன்ன மேனேஜரே அதை மறந்துட்டாரு பாரு! கொஞ்சம் முன்னாடி வக்கீலைக் கூட்டிக்கிட்டு என் நாற்காலிக்குப் பின்னாலயே நின்னு பேசறாரு. இந்தச் செவிடன் ஒரு தடவை சிரிச்சாப் போதும், படத்தைக் காட்டி எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்னு சொல்லி மத்தவங்க கேஸை ஊத்தி மூடிடலாம், மொதல்ல இவன் பொண்டாட்டியோடதுன்னாரு.

அவளுக்கு விரல்ல சொல்லிட்டேன். அதான் அப்படி முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

இப்போ ஆன் பண்ணு. இதையே கேமராவைப் பாத்துச் சொல்றேன். வாயாலயும் சொல்லுவேன், அவளுக்குத் தெரியணும்னு கையாலயும் சொல்லுவேன். ரெண்டும் படத்துல விழணும்.

என்னது, அப்போலேருந்தே ஓடிக்கிட்டுத்தான் இருக்கா? எல்லாமே விழுந்திருச்சா?

அழிக்கிறதும் வச்சிருக்கிறதும் உன் கையில. நீயும் கூலிக்காரன்தான், யோசிச்சுக்கோ. ஆனா இப்போ சிரிப்பு வருது தம்பி. வேணும்னா எடுத்துக்கோ.