இந்துமதி சுட்ட பூத முகம்

— இந்துமதி அம்மிணி, பாரு! நெத்தியில புடிச்சுத் தாடை வரைக்கும் வெடிச்சிருக்குது. பீங்கானு, வெயிலு மழைக்கு அசையாதுன்னுதான சொன்னே?

— வெயிலு மழைக்கு அசையாதுதானுங்ணா. இது கண்ணு பட்டதுங்க.

— கண்ணா?

— திருஷ்டி முகம் பின்ன எதுக்குங்க? உங்களுக்கு வர்ற கண்ணை அது வாங்கிக்கிட்டு வெடிச்சிருச்சு. நீங்க சந்தோசப்படோணும்.

— நல்லாப் பட்டேன் போ! எம்மச்சினன் தங்கதுரை எங்க கம்பெனிக்கு எதுத்தாப்புலயே கம்பெனி கட்டிட்டான்னு, கோரைப்பல்லு நீளமா வெக்கச் சொல்லி வாங்குனது!

— எந்தம்பி கண்ணு ஒண்ணும் பொல்லாததில்லீங்க.

— மயிலா, நீ சும்மா இரு. அவனுக்கென்ன அம்மிணி, பதினாறு நிட்டிங் மெசினு, மாடிக்கு லிப்டு, வெள்ளைக் காரு. நேத்து மட்டும் கன்டெய்னரு ரெண்டு. பாத்ரூம் ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.

— பாத்ரூம் ஜன்னல்லீங்களா?

— பேச்சை மாத்தாத. சூளையில கோளாறுன்னு ஒத்துக்க. இல்லீன்னா மங்கலத்து இந்துமதி பண்றது பூராம் வெடிக்குதுன்னு ஊரு பூராச் சொல்லிப்போடுவேன்.

— ஐயோ, அப்புறம் எங்கிட்ட ஒரு பூதம் விக்காதுங்ணா! சூளை போட்டு மூணு மாசந்தானுங்க ஆச்சு.

— அப்ப ஒத்துக்க.

— சத்தியமா நல்லாத்தான் வெந்துச்சுங்க. கண்ணுதானுங்க.

— மாட்டுனியா! இதை நான் வெளிய மாட்டவே இல்ல. நல்ல நாளு வரட்டும்னு பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். சாவி என்ற இடுப்புல. தெனமும் காத்தால தொறந்து, இதைப் பார்த்துத் தங்கதுரை மெரளுவான்னு நெனச்சுச் சிரிச்சுட்டுப் பூட்டிருவேன். வேற ஒரு ஈ எறும்பு பார்க்கலை. இப்பச் சொல்லு, யாரு கண்ணு?





— நீங்க பெரியவங்க, நானெப்படிச் சொல்றதுன்னு பார்க்கறேனுங்ணா.

— சொல்லு, பரவால்ல.

— அவ எதுக்குங்க சொல்லோணும்? நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டீங்களே. அம்மிணி, உன்ற சூளை மேல ஒரு குத்தமும் இல்ல. இதைவிடப் பெரிசா இன்னொண்ணு சுட்டு வெய்யி. எந்தம்பி வாசல்ல மாட்டோணும், எங்க கம்பெனி பாத்ரூம் ஜன்னலைப் பார்த்தாப்புல.