ஜோஸ்பினின் மாத்திரை டப்பா

சுசித்ரா மேடம், தங்கச்சிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதை நான் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. மாதம் ஒருமுறை அதியமான்கோட்டையில் டீக்கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் உங்களிடம் வருவேன். "நீ போனா நாலு பேர் பாப்பாங்க, வூட்லயே இரு" என்று ஜோஸ்பினிடம் சொன்னது அக்கறையில்தான். செத்துப்போன புருஷனிடமிருந்து அவளுக்கு எச்.ஐ.வி. வந்திருந்தது. உங்கள் மாத்திரையால் ஆறு வருடம் என்னைவிடத் திடமாக இருந்தாள்.

என் மகள் ஜெனிஷாவுக்கு வரன் முடிவானது. அடுத்த மாதம் வரிசையில் நிற்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா மிக்கேலம்மாள் நடைவழியைத் துடைத்துக்கொண்டு வருகிறார். புதிதாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் பார்ப்பதற்குள் மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாராவது எழுந்து என் தங்கச்சியின் நோயைச் சொல்லிவிட்டால்?

அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, மெடிக்கலில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை வாங்கினேன். அதுவும் வெள்ளைதான். பழைய டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணா, மாத்திர கொஞ்சம் பெருசா இருக்குதே?"

"கம்பெனி மாத்திட்டாங்களாம். சாப்புடு."

சாப்பிட்டாள். நான் கொடுத்ததை அவள் எதற்குச் சந்தேகப்படப் போகிறாள்.

நீங்கள் போன் செய்தபோது, பெங்களூரு போய்விட்டாள், அங்கேயே வாங்கிக்கொள்கிறாள் என்றேன். எங்கள் பக்கம் பாதிப் பேர் பிழைப்புக்கு அங்கேதான். நீங்களும் நம்பினீர்கள். கல்யாணம் வரைக்கும்தான் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்ததும், ஒரு பேரப்பிள்ளை வரட்டும் என்று தோன்றியது. அதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. வாய்ப்புண்ணில் கஞ்சி இறங்கவில்லை. "ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போண்ணா" என்றாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகும் என்று நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாத்திரை நேரத்துக்கு அவள் போனில் வைத்திருந்த அலாரம் இன்னும் சாயங்காலம் ஏழு மணிக்கு அடிக்கிறது. நிறுத்தத் தெரியும், கை போவதில்லை. அடித்து ஓய்ந்ததும் ஆளில்லாத உள்ளறையில் இருமல் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மேடம்.

அடக்கத்தன்று மிக்கேலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பொண்ணுக்குப் பூ வெக்கறதுக்கு முன்னாடியே ஜோஸ்பின் எங்க வூட்டுக்கு வந்து எல்லாத்தயும் சொல்லிட்டாங்க சம்பந்தி. மாத்திர சாப்புட்டா நல்லாத்தான இருப்பாங்க, இதுல என்ன இருக்குதுன்னு நாங்களும் ஒத்துக்கிட்டோம். அண்ணனுக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாருன்னு சொன்னாங்க."

நீங்களே யோசித்துப் பாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாத்திரையை மாற்றியிருக்கவே மாட்டேன். கூடப் பிறந்தவனிடம் மறைத்தது அவள் செய்த தப்பு. இருந்தாலும் நான் அவளை மன்னித்துவிட்டேன்.