பின்கட்டு அறையின் மணி

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

கிள்ளானில் மத்தியான மழை பிடித்துக்கொண்டால் டெலிபோன் லைனில் இரைச்சல் வரும். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை முதலில் சொல்லிவைக்கிறேன். அன்றைக்கும் இரைச்சல் இருந்தது. ஆனால் நடந்ததற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. பாக்கியத்தின் வக்கீல் மழையைக் காரணம் காட்டப் போகிறாராம். தவறான காரணம் எழுத்தில் ஏறுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் பெயர் வீரசிங்கம். பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கிறேன். படித்தது தாப்பாவில். நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று ரபேல் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். ரபேல், கிள்ளான் மேரு ரோட்டில் உள்ள முதியோர் இல்லத்தின் செயலாளர். பாக்கியம் அங்கே தாதியாக இருந்தவள். பின்கட்டு அறையில் தங்கியிருந்த குணேஸ்வரி டீச்சர் மூச்சுத் திணறி மணியடித்துக்கொண்டே இருந்தும் இவள் போகாமல் விட்டாள், அதனால் அவர் இறந்துபோனார் என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உங்கள் வழக்கும் அதுதான். அவள் ஜெயிலுக்குப் போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இல்லத்து மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பழைய கணினியை நான்தான் அங்கே கொண்டுவந்தேன். அதில் லினக்ஸ் ஏற்றினேன். இது கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். இம்பி கடைத்தெருவில் வாங்கிய தடிப் புத்தகத்தின் பின்னட்டையில் அதன் சிடி ஒட்டியிருந்தது. திறந்து பார்க்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை.

ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் ஸ்டோர் அறையிலிருக்கும் கணினிக்குச் செய்தி போகும். கணினி அதைத் தாதிகள் கவுண்டரில் இருக்கும் திரைக்கு அனுப்பும். அறை எண் விழும், பீப் என்று சத்தம் வரும். இல்லத்தின் இமெயிலை, டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம் வழியாக டயல் செய்து எடுப்பதும் இதே கணினிதான். அதை வைத்த நாளில் ரபேல் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

சில மாதங்கள் குறையில்லாமல் ஓடியது. பிறகு எப்போதாவது ஒருநாள் யாராவது மணியடிப்பார்கள், கவுண்டர் திரை சும்மா இருக்கும். தாதிகள் ஸ்டோருக்கு வந்து கணினியை அணைத்துத் திரும்பப் போடுவார்கள், சரியாகிவிடும். பாக்கியம் சிரிப்பாள்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் அங்கிள் இந்தப் பொட்டி. தட்டுனாதான் எழுந்திரிக்கும்."

எனக்கு அது வேடிக்கையாக இல்லை. அணைத்துப் போட்டால் பழுது போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. டாக்டர் வருவதற்குள் காய்ச்சலை இறக்கிவிட்டால் என்ன நோய் என்று எப்படித் தெரியும்? அதனால் கணினியை அணைக்கிற சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, இனி யாரும் கணினியில் கைவைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். பழுது வந்தால் வந்தபடியே இருக்கட்டும், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அது தானாகவே சரியாகியிருக்கும்.

கமிட்டிக் கூட்டத்தில் ரபேல் எல்லோர் முன்னாலும் பேசினார்.

"அண்ணே, ஓசியில வந்த சாமான். காசு கொடுத்து வாங்கினா, பழுதானா சண்டை போட ஒரு ஆள் இருக்கும். இதுக்கு யார்கிட்ட போய் சண்டை போடறது? ஆளே இல்ல லா."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தீபாவளிக்குள் சரிசெய்யாவிட்டால் கணினியைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்குவது என்று முடிவாயிற்று.

காரணம் என்னவாக இருக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. கணினிக்குள் ஒவ்வொரு கருவிக்கும், என்னைக் கவனி என்று கை தூக்க ஒரு எண் உண்டு. கவுண்டர் திரைக்கும் மோடத்துக்கும் ஒரே எண் விழுந்திருந்தது. மோடம் லைனில் இருக்கும்போது ஒன்றிரண்டு மணி வந்தால் சமாளித்துவிடும். விடாமல் வந்தால் திரை வாயடைத்துப் போகும் என்று சந்தேகப்பட்டேன்.

எண்ணை மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாற்றியபின் பழுது வரவில்லை என்றால், மாற்றியதால் வரவில்லையா, வராத நாளாகையால் வரவில்லையா? பழுது முதலில் கண்முன்னே வர வேண்டும். அது நிற்கும்போதே மாற்ற வேண்டும். மாற்றிய உடனே மணி கேட்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் சரிசெய்துவிட்டேன் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

மோடத்தை லைனில் போட்டு நானே பட்டனை அழுத்திப் பார்த்தேன். பழுது வரவில்லை. பாக்கியத்தைக் கூப்பிட்டு, சாகப் போகிறவள் மாதிரி அழுத்தச் சொன்னேன். அவள் இரண்டு தரம் அழுத்திவிட்டு நின்றாள்.

"நான் செத்தா யாரு அங்கிள் டூட்டி பாக்கறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோதனைக்காக அழுத்துகிற விரல் வேறு, பயந்த விரல் வேறு. பயந்த விரல் விட்டுவிட்டு அழுத்தும், அமுக்கிப் பிடிக்கும், பிறகு படபடவென்று அடிக்கும். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

குணேஸ்வரி டீச்சரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கால் வராது, ஆஸ்துமா. மழைக்கு முந்திய புழுக்கத்தில் மத்தியானத் தூக்கம் கலையும்போது அவருக்கு மூச்சு இழுக்கும். இது இல்லத்தில் எல்லோரும் அறிந்தது. மற்றவர்கள் மின்விசிறியைக் குறைக்கவும் பேரன் வந்தானா என்று கேட்கவும் மணியடிப்பார்கள். டீச்சர் அப்படியில்லை. பட்டனைப் பொருத்திய அன்றே என்னிடம் சொல்லிவிட்டார்.

"தம்பி, நான் சும்மா மணியடிக்கிற ஆள் இல்ல. அடிச்சா வரணும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. நடக்க முடிந்தவர்களையெல்லாம் ரபேல் வேனில் ஏற்றிக் கோயில் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். பாக்கியம் மட்டும் கவுண்டரில் இருந்தாள். அங்கேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன், போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். மழை தொடங்கியதும் தகரக் கூரையில் அடித்த சத்தத்தில், பின்கட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் முன்னால் கேட்டிருக்காது.

நான் ஸ்டோர் அறையில் மோடத்தை டயல் செய்து லைனில் நிறுத்திவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்கட்டுக் கடைசி அறையின் எண் என் முன்னிருந்த கணினித் திரையில் ஓடத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு அடுத்தடுத்து வந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கவுண்டர் திரை வெறுமையாக இருந்தது. பாக்கியம் ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.

இத்தனை மாதம் தேடியது கண்முன்னே நின்றது. நான் நிதானமாகத்தான் வேலை பார்த்தேன். அவசரப்பட்டு எதையாவது தொட்டால் எல்லாம் கலைந்துவிடும். எந்தக் கருவி எத்தனை தரம் கை தூக்குகிறது என்று கணினியே காட்டும். அதைப் பார்த்தேன், மறுபடி பார்த்து ஒப்பிட்டேன். நான் சந்தேகப்பட்டதேதான். இதற்கிடையில் மணி வந்துகொண்டே இருந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது. மோடத்துக்கு வேறு எண் கொடுக்க ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அடிப்பதற்கு முன் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தரம் வாசித்தேன்.

அடித்தபின் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது. இனி மணி வராவிட்டால் நான் சரிசெய்ததற்கு என்ன நிரூபணம்?

பிறகு வந்தது. ஒரே ஒரு தரம், நீளமாக. கவுண்டரில் பீப் சத்தம் கேட்டது. பாக்கியம் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.

அவளுக்குக் கேட்ட முதல் மணி அதுதான், ஐயா. அதற்கு அவள் உடனே போனாள். ஆனால் கணினி எல்லா மணியையும் பதிவு செய்திருந்தது. அடுத்த நாள் கமிட்டியார் அழுத்திப் பார்த்தபோது ஒவ்வொரு மணியும் கவுண்டரில் ஒழுங்காகக் கேட்டது. இத்தனை மணிக்கும் போகாமல் கடைசி மணிக்குத்தான் போயிருக்கிறாள் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். கணினி சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். சரியாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். பாக்கியம் என்னைப் பார்த்து, "சொல்லுங்க அங்கிள், நான் அங்கதானே இருந்தேன்" என்றாள். அது பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மழைக்கே தடுமாறுகிற இலவச மென்பொருளை நம்பக் கூடாது என்று வக்கீல் வாதாடப் போகிறார். ரபேலும் பயந்துபோய், வரும் வாரம் கணினியைக் குப்பை லோரியில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார். ஒரு குற்றமும் செய்யாத ஒன்றின் மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. டீச்சர் மூச்சுக்கு அடிக்கிற பஃப் கட்டிலருகே இல்லாமல் ஜன்னல் கட்டையில் இருந்தது என்றும், தரை துடைத்தபோது பாக்கியம் மறந்து அங்கே வைத்திருக்கலாம் என்றும் உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். திருத்திக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது நான் போய் அதை எடுத்து ஜன்னலில் வைத்தேன். பட்டனை அவர் கைக்கு எட்டும்படி தலையணைப் பக்கம் நகர்த்திவைத்ததும் நான்தான். அதற்குப் பிறகுதான் மோடத்தை டயல் செய்தேன். அவரைக் கொல்ல நினைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மணி மட்டும்தான்.

கணினியை அங்கேயே விட்டுவைக்கும்படி நீங்கள் ரபேலிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முடிந்தால் அதன் மேல் டீச்சர் பெயர் போட்டு ஒரு சின்னத் தகடு பொருத்தச் சொல்லுங்கள். செலவு என்னுடையது. அன்றைக்கு அவர் அவ்வளவு நேரம் ஒத்துழைத்திருக்காவிட்டால் அந்தப் பழுதை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இப்படிக்கு,
வீரசிங்கம்