உரக்கடைக்காரர் நாக்கு

...உப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்றது ஒரு குத்தமா சார், நீங்களே சொல்லுங்க. அட, உக்காருங்க, அந்த யூரியா மூட்டை மேலயே உக்காருங்க. மூட்டை தூக்குறவன் சாப்பிடப் போயிருக்கான், வந்ததும் உங்க டிஏபி உர மூட்டையை ஏத்திடலாம். அவனுக்காவது சாப்பாடு சாப்பாடு மாதிரி இருக்கு. எனக்கு ஆறேழு மாசமா... என்னத்தைச் சொல்ல, சோத்தைத் தின்னாலும் நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சாக்கைத் தின்னாலும் ஒண்ணுதான்.

வீட்டுக்காரிகிட்ட பதமாத்தான் சொன்னேன். இத்தனை வருஷமா சமைக்கிறவளுக்கு திடீர்னு கை மறந்து போகுமான்னு கேட்டேன். இது பதம் இல்லையா? அதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா.

போன மாசம் அவ தம்பி குடும்பத்தோட சாப்பிட வந்தான். விவசாயம் பண்றவன், வருஷம் பூரா எங்களுக்கு அரிசி அவன் வயல்லேர்ந்துதான். வந்தவங்க முன்னாடி நம்ம வீட்டு மானம் போகக்கூடாதேன்னு, அவ முகம் கழுவப் போன நேரம் பார்த்து அடுப்படிக்குள்ள நுழைஞ்சு குழம்பை ருசி பார்த்தேன். வெந்நீர் சார், வெறும் வெந்நீர். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். மறுபடி பார்த்தேன், பத்தல. இன்னொரு கை.

மச்சினன் ஒரு வாய் வெச்சான். கண்ணு ரெண்டும் வெளிய வந்து என்னைப் பார்த்துட்டு உள்ள போச்சு. அவன் பொண்டாட்டி தண்ணிச் செம்பைக் கீழ வைக்கவே இல்ல. நான் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு, இன்னிக்குத்தான் ஓரளவு இருக்குன்னேன். பாராட்டித்தானே சொன்னேன்? அன்னிக்கு சாயந்திரமே வீட்டுக்காரி பையைத் தூக்கிட்டுத் தம்பியோட கிளம்பிட்டா.

விடுவேனா? டாக்டர்கிட்ட போனேன். என் நாக்குல குத்தம் இல்லைன்னு அவர் வாயாலயே சொல்ல வெச்சு, அதை அவளுக்கு போன்ல கேக்க வைக்கணும்னு. அந்த மனுஷன் நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார், கடைசியில துத்தநாகம் கம்மிங்கறார். பேரைக் கேட்டா பாம்பு மாதிரி இருக்கு. நம்ம ஜிங்க்தான் சார், உங்க காலுக்குப் பக்கத்துல கிடக்கே, அதேதான். நான் மூட்டையில விக்கிறதை அவர் மாத்திரையில விக்கிறார். அது குறைஞ்சா நாக்கு மரத்துப் போகுமாம். என்ன சாப்பிடுவீங்கன்னார். சோறுன்னேன். அப்புறம்னார். அப்புறமும் சோறுதான். பருப்பு வாயு, மீனு முள்ளு, கொட்டை வகையெல்லாம் பல்லுல மாட்டும். சரி, அரிசி எந்த வயல்லேர்ந்து வருதுன்னார். அது எதுக்கு அவருக்கு?

அத்தனையும் போன் பண்ணி அவகிட்ட ஒப்பிச்சேன். சீக்காளின்னா இரக்கப்பட்டு வந்துடுவான்னு பார்த்தா, சிரிக்கிறா சார். சிரிச்சுட்டு போனைத் தம்பிகிட்ட குடுக்கிறா. பயிர் இலை ஏன் துருப்பிடிச்ச மாதிரி இருக்குன்னு அவன் மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்திருந்தானாம். பாஸ்பேட் மண்டிக் கிடக்காம், நம்ம டிஏபில இருக்கிறதேதான். இருக்கிற கொஞ்சநஞ்ச ஜிங்கையும் அது வேர் எடுக்க விடலையாம். நெல்லுலயே இல்லாதது உங்க நாக்குக்கு எப்படி வரும்ங்கறான்.

ஏண்டா நீ அவ்வளவு டிஏபியக் கொட்டினன்னு கேட்டேன். "நீங்கதானே மாமா, ஒரு மூட்டை போடுற இடத்துல மூணு போடு, கஞ்சத்தனம் பண்ணாதேன்னீங்க"ன்னான்.

சொன்னேன். உரக்கடைக்காரன் வேற என்ன சொல்லுவான்? துணிக்கடைக்காரன் உங்களுக்கு ஒரு சட்டை போதும்னு அனுப்பிடுவானா? நாம மூட்டையில குடுக்கிறது ரெண்டு மூணு சத்து. பாக்கியெல்லாம் மண்ணே எங்கேர்ந்தாவது கொண்டாந்து குடுத்துடும்னு இருந்தோம். குடுத்துச்சு. இப்ப அதுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சு போல.

இப்ப அவ திரும்பி வரணும்னா ஒரே நிபந்தனையாம். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல மண்ணைப் பரிசோதிச்சுட்டு வாங்கன்னு நான் சொல்லணுமாம். "உங்க நாக்கோட போகட்டும், ஊரார் நாக்கையாவது விட்டுவைங்க"ங்கறா. நான் அப்படிச் சொன்னா நாளைக்கு இந்தக் கடையில உக்காந்து ஈ ஓட்டணும். அதெல்லாம் இந்த வாய்லேர்ந்து வராது சார். ஓட்டல் சாப்பாடும் சாக்கு மாதிரிதான் இருக்கு, ராத்திரி வீட்டுக்குப் போனா சுவரைப் பார்த்துதான் திங்கறேன், இருந்தாலும் வராது. தொழில்னு ஒண்ணு இருக்கில்ல?

இதோ, ஆள் வந்துட்டான். எவ்வளவு கேட்டீங்க, ஒண்ணா? ஒண்ணு எந்த மூலைக்கு, மூணா எடுத்துக்கிட்டுப்...

சார்?

ஏம்ப்பா, இங்க மூட்டை மேல ஒருத்தர் உக்காந்திருந்தாரே... என்னது? வாசல்ல உன்கிட்டயா கேட்டார்? மண்ணு பரிசோதிக்கிற இடம் எங்கன்னா கேட்டார்? நீயும் கையைக் காட்டி வழி சொல்லி அனுப்பிட்டியாக்கும்.

இரு. மூட்டையை அப்படியே வை. முதல்ல அந்த போனை எடு. நான்தான் அனுப்பி வெச்சேன்னு வீட்டுக்காரிகிட்டச் சொல்லணும்.