விசாவுக்கு வேண்டிக்கினது

அந்தப் பைய மடியிலயே வெச்சிக்க தம்பி, மேல போடாத. எறங்கற அவசரத்துல எவனாவது தன்னுதுன்னு நெனச்சுத் தூக்கிக்கினு போயிடுவான். பாஸ்போர்ட் ஆபீஸுக்குத்தான போற? எப்படித் தெரியும்னா கேக்கற, நல்லா கேட்ட போ. பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டு, ஆதாரு, முழி முழின்னு முழிச்சிக்கினு எடுத்த போட்டோ, எல்லாம் கண்ணாடிக் கவருல தெரியுதே. நானும் இதே மாதிரி ஒரு ஃபைல தூக்கிக்கினு சித்தூருக்கும் திருப்பதிக்கும் அலைஞ்சவன்தான். அந்த ஆபீஸுக்கு எதிர்ல கீற ஜெராக்ஸ் கடைக்காரன் என்ன மாமான்னுதான் கூப்புடுவான்.

எனக்கில்லப்பா. எனக்கெதுக்கு பாஸ்போர்ட்டு, குடிபாலா தாண்டி வேலூருக்குப் போறதுக்கா? மாங்காத் தோப்பு கீது, ரெண்டு மாடு கீது, அதுங்க என்ன எங்கயும் வுடாது. எம் பேரு தங்கவேலு. நான் அலைஞ்சது எம் பொண்ணுக்கு. யாமினி. ஒரே பொண்ணு.

இப்ப திருப்பதி மலைக்குப் போறேன், முடி குடுக்க. பொண்ணுக்கு விசா வரணும்னு வேண்டிக்கினேன், வந்திடுச்சு. கனடா. ம்... சரி சரி, இருக்கட்டும். இந்தா, வேர்க்கடல துன்னு. அட துன்னுப்பா, மயக்க மருந்தா வெச்சிருக்கேன்? புத்தலப்பட்டுல பஸ்ஸு நின்னா டீ கூட கெடைக்காது. பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீன்னு ஆனதுல இருந்து டிரைவருக்கு நிக்கற ஸ்டாப்புலல்லாம் கூட்டத்த ஏத்தவே நேரம் சரியாப் போவுது.

ஒனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? போன மாசமா! அப்ப பொண்டாட்டி? ஓ, நீ முன்னாடி போயி அப்புறமா கூட்டிக்குவ. ம். எங்க மாப்பிள்ளையும் இதத்தான் சொன்னான். ஒரே வருசம் மாமா, கூட்டிக்குவேன்னான். பொய் சொல்லலப்பா அவன். அவனுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தாங்க.

சுதீருன்னு பேரு. நகரி பக்கம். அவங்க நைனா ரிட்டேர்டு வாத்தியாரு. பையன் அங்க கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பையன், எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது. ஆனி மாசத்துல கல்யாணம். புத்தூர்ல மண்டபம் புடிச்சி, ஊரக் கூட்டி சோறு போட்டேன். ஒரு வாரம் ஆவல, ஆடி பொறந்துடுச்சு. ஆடில பொண்ண அம்மா வூட்டுக்கு இட்டாந்துடணுமே. உங்க பக்கம் எப்படி? அதான பாத்தேன். தெலுங்குக்காரங்களும் ஆஷாடம்னு இத்தத்தான செய்றாங்க. ஆடில ஒண்ணு சேந்தா சித்திரைல புள்ள பொறக்கும், குடும்பத்துக்கு ஆவாதும்பாங்க. எங்க சம்பந்தியம்மாவே காலைல ஃபோன் பண்ணி, வந்து கூட்டிக்கினு போங்கன்னுட்டாங்க. போய் இட்டாந்துட்டேன்.

மாப்பிள்ளைக்கு லீவு அந்த ஆடியோட சரி. பாவம், நகரில இருந்து பைக்க எடுத்துக்கினு காணிப்பாக்கம் வருவான். எம் பொண்ணு சாமி கும்புடப் போறேன்னு தலைக்குப் பூ வெச்சிக்கினு கெளம்புவா. புள்ளையாரு மேல திடீர்னு அவ்ளோ பக்தி. நாங்களும் தெரியாத மாதிரி இருந்துக்கினோம். அப்படியே ரெண்டு மூணு தபா பாத்துக்கினாங்க, அவன் பிளைட் ஏறிட்டான்.

அந்த ஆடிதான் தம்பி எங்க தலைல இடிய எறக்குச்சு. விசாவுக்கு அர்ஜி போட்டு ரொம்ப நாள் கழிச்சு, கனடா ஆபீஸ்ல இருந்து வீடியோல கூப்புட்டு விசாரிச்சாங்க. கல்யாணத்துக்கப்புறம் எவ்ளோ நாள் ஒண்ணா இருந்தீங்கன்னு கேட்டாங்களாம். இவ, ஒரு வாரம்னா. அப்புறம் ஏன் இல்லன்னாங்க. ஆடி மாசம் சார், வழக்கம் சார்னா. அந்த ஆளுக்கு ஆடியும் தெரியல, கோடியும் தெரியல. புருசன் அதே ஊர்ப்பக்கம் கீறான், நீ உங்க நைனா வூட்ல போய் ஒக்காந்துக்கினு கீற, அப்புறம் அவன் பிளைட் ஏறிப் போயிட்டான், இது என்ன கல்யாணம்னு திருப்பித் திருப்பிக் கேட்டானாம். வெளிய வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதா. நைனா, காணிப்பாக்கத்துல பாத்துக்கினத சொல்லலாமான்னு நெனச்சேன், வெக்கமா இருந்துச்சுன்னா.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு லெட்டரு. உங்க கல்யாணம் நெஜமான கல்யாணம்னு எங்களுக்குத் தோணல, ஆதாரம் குடுங்கன்னு. எப்படி இருக்கும் சொல்லு! எனக்கு அப்படியே பத்திக்கினு வந்துச்சு. இன்னாங்கடா, மண்டபத்துல துன்னுட்டுப் போனவனையெல்லாம் கூட்டியாரணுமான்னு கத்தினேன். கத்தி இன்னா பண்றது. தாசில்தார் ஆபீஸு, நோட்டரி, ஊர் சச்சிவாலய ஆபீஸுன்னு அலைஞ்சு, ஊர்க்காரங்க கையெழுத்தெல்லாம் வாங்கி அனுப்பிச்சோம். வக்கீலு ஒருத்தரு, தெனம் ரெண்டு பேரும் வீடியோல பேசணும், பேசறத போட்டோ புடிச்சு வெக்கணும்னு சொன்னாரு. அதுல இருந்து அதுவே ஒரு வேலையாப் போச்சு.

அதக் கூத்துன்னு சொல்றதா கொடுமைன்னு சொல்றதா. ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இருக்காது. சாப்டியான்னு இவ கேப்பா, சாப்டியான்னு அவன் கேப்பான். அப்புறம் சண்ட. நீ சரியா எழுதிப் போடல, நீ சரியா பதில் சொல்லலன்னு. காச் மூச்சுன்னு கத்திக்கினு இருக்கறப்பவே, இருங்க, இன்னிக்கு இன்னும் எடுக்கலன்னுவா. ரெண்டு பேரும் பல்லக் காட்டிச் சிரிப்பாங்க. டிக்குன்னு எடுத்துக்குவா. மறுபடியும் வுட்ட எடத்துல இருந்து சண்ட. நான் வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினே கேட்டுக்கினு இருப்பேன்.

சித்தூர்ல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சரா வரச் சொல்லிக் கூப்புட்டாங்க. எம்மெஸ்ஸி படிச்ச பொண்ணு. போம்மான்னேன். எப்ப வேணா வந்துடும் நைனா, பாதில வுட்டுட்டுப் போனா புள்ளைங்க படிப்பு கெட்டுடும்னுட்டா. எப்ப வேணா, எப்ப வேணா. இந்த ஒரு வார்த்தையிலயே ரெண்டு வருசம் ஓடிடுச்சு. பொட்டி எப்பவும் கட்டினபடியே கெடக்கும். எடை கூடப் போச்சுன்னா பிளைட்ல ஏத்த மாட்டாங்களாமே, அதனால மாங்கா மண்டிக்குத் தூக்கிக்கினு வந்து தராசுல நிறுத்துப் பாப்பேன். மண்டிப் பசங்க, இன்னா தங்கவேலு, தோத்தாபுரியா, நீலமான்னு கிண்டல் பண்ணுவானுங்க. நானும் சிரிச்சிக்கினு வருவேன். சிரிக்காம இன்னா பண்றது.

ஊர்ல ஒரு வாய் சும்மா இருக்குமா? இன்னும் போவலயா, இன்னும் போவலயா. பால் ஊத்த வரவ கேப்பா, ரேஷன்ல கேப்பாங்க. மாப்பிள்ள அங்க வேற எவளையாவது வெச்சிக்கினு கீறானான்னு மூஞ்சிக்கு நேரா ஒருத்தி கேட்டுட்டா. அதுக்கப்புறம் எந்த விசேசத்துக்கும் வரல எம் பொண்ணு. மூணாம் வூட்டுக் கல்யாணத்துக்குக் கூட மாடில நின்னு மேளச்சத்தம் கேட்டா. உள்ளயே ஒக்காந்துக்கினு ஃபோன தேச்சுத் தேச்சுப் பாப்பா, ஸ்டேட்டஸ் மாறிச்சான்னு. எனக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்த நல்லா மனப்பாடம் ஆயிடுச்சு. பெண்டிங்.

பாகாலா கிராஸ் வந்துட்டமா? தள்ளி ஒக்காரும்மா, தூங்கி மேல விழாத. இந்தா தம்பி, மீதிய நீயே துன்னு.

நடுவுல சென்னைக்குப் போயி மெடிக்கலு முடிச்சிக்கினு வந்தா. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சுத்தம்னுட்டாங்க. எங்களுக்கு அதுவே திருவிழா மாதிரி இருந்துச்சு. ஐப்பசில பாரு, விடாம மழ. இவளுக்கு ஜுரம் வந்துச்சு, கூடவே இருமல். ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னேன். மாட்டேன்னா. ஏன்னு கேளு. சத்தியவேடு பக்கம் ஒரு பொண்ணு இதே மாதிரி காத்துக்கினு கீறாளாம், அவளுக்கு எக்ஸ்ரேல நெஞ்சுல புள்ளி கீதுன்னு சொல்லி, டி.பி.யான்னு பாக்கணும்னு, ஒரு வருசம் நிறுத்தி வெச்சுட்டாங்களாம். இவ அதையே புடிச்சிக்கினா. நைனா, ஆஸ்பத்திரில ஆதாரு கேப்பாங்க, ஆதார்ல ஏத்திட்டா அது கம்ப்யூட்டர்ல போயி அங்க தெரிஞ்சிடும், மறுபடியும் மெடிக்கலுக்குக் கூப்புடுவாங்க, மறுபடியும் மொதல்ல இருந்துன்னா.

அப்படியெல்லாம் தெரியுமா தம்பி? நீ படிச்சவன், சொல்லு. தெரியாதா... ம். நானும் தெரியாதும்மான்னுதான் சொன்னேன், ஆனா எனக்கு இன்னா தெரியும்? எம்மெஸ்ஸி படிச்சவ அவதான. அவங்க அம்மா ரத்தினம்மா காலப் புடிக்காத கொறையா கெஞ்சினா. மெடிக்கல் ஷாப்ல மாத்திர வாங்கியாந்து குடுத்தோம், மெளகு ரசம், ஆவி, எல்லாம் ஆச்சு. மாப்பிள்ளகிட்ட பேசறப்ப மட்டும் பவுடர் பூசிக்கினு, இருமல அடக்கிக்கினு ஒக்காருவா. போட்டோல சோர்ந்து தெரிஞ்சா அதுக்கும் எதாவது கேப்பாங்களாம்.

மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம் நான் கேக்கலப்பா. மழையில கார் வெச்சு இதே ரோட்டுல தூக்கிக்கினு வந்தேன், திருப்பதில ஒரு ஆஸ்பத்திரிக்கு. வர வழியெல்லாம், நைனா, என் பேரு வேற மாத்திச் சொல்லு, ஆதாரு குடுக்காதன்னு சொல்லிக்கினே வந்தா. டாக்டரம்மா பாத்துட்டு, டி.பி.யும் இல்ல ஒண்ணும் இல்ல, நிமோனியான்னாங்க. மொதல் வாரமே வந்திருந்தா ஊசி மாத்திரயிலயே போயிருக்கும்னாங்க. திட்டல அந்தம்மா. மெதுவாத்தான் சொன்னாங்க.

சுதீரு ஒடனே கெளம்பிட்டான். அவன் வர வரைக்கும் ஐஸ் பொட்டில வெச்சிருந்தோம்.

அட, நீ ஏன் தம்பி எழுந்திரிக்கற. ஒக்காரு. ஒக்காரு, எல்லாரும் பாக்கறாங்க.

எங்க தோப்புலயே வெச்சிடறேன்னு கேட்டேன். சம்பந்தி வூட்ல ஒத்துக்கல. கட்டிக்குடுத்த பொண்ணு, புருசன் வூட்ல இருந்துதான் எடுக்கணும்னுட்டாங்க. நியாயந்தான். கல்யாணம் ஆயி ஒரு வாரம் இருந்தா அந்த வூட்ல, அப்புறம் ஆம்புலன்ஸ்ல போனா. சுதீருதான் கொள்ளி வெச்சான். சின்னப் புள்ள மாதிரி அழுதான், ரெண்டு பேரு புடிச்சிக்கினாங்க. நெஜமாவே புருசன்தானான்னு அங்க யாரும் ஆதாரம் கேக்கல.

கருமாதி முடிஞ்சு அவன் திரும்பிப் போன வாரம், அவ ஃபோன்ல மெயிலு வந்துச்சு. அந்த ஃபோன நான் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன், ஏன்னு கேக்காத. பக்கத்து வூட்டுப் பொண்ணு ரேஷ்மாவக் கூப்புட்டுப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு அந்தப் பொண்ணு ஃபோன கீழ வெச்சிட்டா. அப்புறம் சொன்னா. எல்லாம் சரியா கீது, விசா குடுத்துட்டோம், பாஸ்போர்ட்ட முப்பது நாளைக்குள்ள அனுப்பி வையின்னு போட்டிருக்குதாம். அவங்களுக்கு அவ்ளோ அவசரம்.

எங்க வூட்டு அய்யருகிட்ட கேட்டேன், எழவு வுழுந்த வூடு, மலைக்குப் போலாமான்னு. கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ஒங்களுக்கு மூணு நாள்தான் தீட்டு, தாராளமா போலாம்னாரு. அங்க அவள பொண்டாட்டின்னு நம்ப மாட்டேன்னாங்க. இங்க அவ என் வூட்டுப் பொண்ணு இல்லன்னுட்டாங்க. நடுவுல எங்கதான் இருந்தா அவ, எனக்குப் புரியவே இல்ல.

ரத்தினம்மா வரல. நீயெல்லாம் மனுசனா, அந்த சாமிக்குப் போயி முடி குடுக்கறியான்னு கதவ சாத்திக்கினா. சந்திரகிரி வந்துட்டமே, நீ எறங்கறதுக்கு ரெடியா இரு. சாமிய நான் எப்படிக் குத்தம் சொல்றது தம்பி? கேட்டதக் குடுத்துட்டாரு. விசா வரணும்னுதான் கேட்டேன். அது வர வரைக்கும் எம் பொண்ணு உசுரோட இருக்கணும்னு சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா.