பின் டயரில் இருந்த காற்று

பிரதீஷ் நிரஞ்சனி ஆகிய நான், வயது முப்பத்தொன்று, பலாபத்வலையில் வசிப்பவள், புடவைக்கடை ஊழியர், நேற்று நடந்த விபத்துப் பற்றி என் சொந்த விருப்பத்தில் கூறுவதாவது:

எங்கள் மோட்டார் சைக்கிளில் கிழமை நாட்களில் என் கணவர் பிரதீஷ் தம்புள்ளைச் சந்தைக்கு இரண்டு மூட்டை போஞ்சிக்காய் ஏற்றிப் போவார். அந்தப் பாரத்துக்காகப் பின் டயருக்கு நாற்பத்து நான்கு வரை காற்று அடிப்பார். இரண்டு பேர் போவதற்கு முப்பத்திரண்டு என்று செயின் கவரில் ஒட்டியிருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமையில் நான் எடுப்பதற்கு முன், வால்வைத் தீக்குச்சியால் அழுத்திக் காற்றைக் குறைத்துத் தருவது அவர் வழக்கம்.

நேற்றுக் காலை மாமியார் அழகம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டபோது, காற்றை இறக்கியாயிற்றா என்று கேட்டேன். "அம்மாவும் ரெண்டு மூட்டை போஞ்சியும் ஒன்னுதான். எறக்க வேணாம், போயிட்டு வாங்க" என்றார். மாமியார் ஒரு மூட்டைக்கே தேறமாட்டார். அவரே சிரித்துவிட்டதால் நானும் சிரித்துக்கொண்டு புறப்பட்டேன்.

அதன் பின்னர், தூறல் விழுந்துகொண்டிருந்த நேரம், மாத்தளைப் பக்கம் இறங்கும் வளைவில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். பின் டயர் கல் மாதிரி இருந்தது. ஈரத்தில் பிடிக்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளியது. எந்த வாகனமும் எங்களை இடிக்கவில்லை. மாமியாரின் கால் முறிந்தது.

அதன் பின்னர், எதிரே வந்த த்ரீவீலை நிறுத்திவிட்டு அதன் சாரதி ஓடிவந்தார். அவர் பெயர் ஹஸீப் என்று பிறகுதான் தெரியும். மாமியாரை அவர் தூக்கும்போது கூடியவர்கள், இடித்தது அவர்தான் என்று தாங்களாகவே முடிவுகட்டி, அவர் கன்னத்தில் அறைந்தார்கள். இல்லை இல்லை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவர், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். பொறகு அடிங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என் கைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து, த்ரீவீல் இடித்ததாகப் பொலிஸாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் விபத்தைப் பார்த்தவர் அல்ல. ஹஸீப் நேற்றிலிருந்து இந்தப் பொலிஸ் நிலையத்தில் உள்ளே இருக்கிறார். இன்று காலை என் கணவர் என்னிடமும், "த்ரீவீல் இடிச்சிச்சின்னு நீயும் சொல்லிரு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அடியும் வாங்கிக்கிட்டு உங்க அம்மாவ தூக்கிட்டு வந்தவருங்க. அவர ஏன் மாட்டிவிடுறீங்க?" என்று கேட்டேன்.

இதுவரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பொலிஸார் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியிருக்கும் எங்கள் மோட்டார் சைக்கிளின் பின் டயர் அருகே என் கணவர் குந்தியிருப்பதை ஜன்னல் வழியாகக் கண்டேன். கையில் தீக்குச்சி இருந்தது. உடனே, எழுதிக்கொண்டிருந்த சார்ஜன்டிடம் காட்டினேன். அவர் போய்த் தடுத்து, எதிரேயுள்ள டயர் கடையிலிருந்து காற்றுமானி வாங்கி வந்து, என் முன்னிலையில் அளந்தார். நாற்பத்தொன்று காட்டியது. மீதி அந்தத் தீக்குச்சியில் போயிருக்கும்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. "அம்மா கால ஒடச்சது நான்தான்னு எழுதிருவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். நேற்றே இதைக் கேட்டிருந்தால் ஹஸீப் இராத்திரி தன் வீட்டில் தூங்கியிருப்பார்.

ஹஸீபை இப்போதே வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் கேட்டதை அப்படியே எழுத வேண்டாம். டயரில் காற்று அதிகம் என்று எழுதினால் போதும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். எழுத வேண்டாம் என்றதும் அதில் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

ஒப்பம்: பி. நிரஞ்சனி