மேல ஆள் உண்டா?

பிள்ளை என்ன சொல்லுதாள்னுதானே கேக்கிய, அண்ணாச்சி? சொல்லுதேன். அதுக்கு முன்னால ஒரு விடுகதை போடுதேன், பதில் சொல்லுங்க பாப்போம். தெருவுல பூட்டு விழுந்தா இந்த வீட்டுக்கு வாசலே கிடையாது. ஆனா உள்ள குடும்பம் இருக்கும். அது என்ன?

ஜெயிலா? சரியாப் போச்சு. சுரண்டையில எல்லாரும் அப்படித்தான் பேசுதாவ போல. ஸ்டான்லி பொண்டாட்டியை மாடியில வச்சுப் பூட்டிக் கொன்னுட்டான், இப்ப பிள்ளையையும் அங்கனயே வச்சிருக்கான்னு. அவன் பொண்டாட்டி பொன்செல்வியோட தங்கச்சி சொல்லித்தானே வந்திருக்கிய? நீங்க சர்ச்சுல பெரியவிய, பெஞ்சமின் அண்ணாச்சி வந்து கேட்டா ஸ்டான்லி மறுக்க மாட்டான், பிள்ளை சுஜிதாவ சித்தி வீட்டுக்குக் கூட்டியாந்துரலாம்னு.

உக்காருங்க. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காருங்க, ஊசி கிடக்கும், பாத்து. ஸ்டான்லி ஐந்தருவிக்குப் போயிருக்கான். சீசன்லா, துண்டும் ஷாம்பும் வச்சுக் கடை போட்டிருக்கான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் கிடக்கு. டீ சொல்லட்டா? சீனி போடலாமா?

விடுகதைக்கு விடை நானே சொல்லிருதேன். எதுத்தாப்புல பாருங்க. கீழ ஸ்டான்லி ஃபேன்சி கடை, மேல வீடு. மாடிப்படி எங்க இருக்கு? தெரியலைல்லா? கடைக்குள்ள இருக்கு, கல்லாவுக்குப் பின்னால. இந்தத் தெருவுல எல்லாக் கட்டடமும் அப்படித்தான். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு முழ இடம் கிடைக்காத காலத்துல கட்டினது. கீழ யாவாரம், மேல அடுப்பு. கடைக்காரன் வீடுதானே, தனியா வாசல் எதுக்குன்னு நினைச்சிருப்பாவ. பொறவு கடையை ஒருத்தனுக்கும் வீட்டை ஒருத்தனுக்கும் வாடகைக்கு விட்டாவ. படி மட்டும் கடைக்குள்ளயே நின்னுட்டு.

நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டயும் சைக்கிள் கூடக் கிடையாது. இல்லாதப்பட்டவங்கன்னு நினைக்காதிய, தேவைப்படலை. பிரசவம் பாக்கதுக்கு மூலையில நர்ஸம்மா. பள்ளிக்கூடம் பின்னால. அந்தாக்ல பாத்திரக்கடை, எண்ணெய்க்கடை, ரேடியோ ரிப்பேர், ரஹ்மத் பாய் குடைக்கடை. சாரல் காலத்துல குடைக்கம்பி உடைஞ்சா பாய் பேசிக்கிட்டே மாத்திக் குடுத்துருவாரு. மேல டைப்ரைட்டிங் சத்தம், பிள்ளைங்க வாய்ப்பாடு, குக்கர் விசில். பிள்ளை தெருவுல அழுதா எந்த வீட்டுப் பிள்ளைன்னு தையல் மிஷினை நிப்பாட்டாமலே சொல்லிருவேன்.

படி கடைக்குள்ள இருக்கதால ஒரு வழக்கம். கடை அடைக்குமுன்ன கடைக்காரர் படிக்கட்டடியில நின்னு, மேல ஆள் உண்டான்னு சத்தம் குடுப்பாரு. உண்டுன்னு மேல இருந்து சத்தம் வந்தா உள் சாவியக் குடுத்துட்டுப் போவாரு. அவிய உள்ள இருந்து பூட்டிக்கிடுவாவ. சத்தம் வரலைன்னா ஆளில்லைன்னு அர்த்தம், வெளிய பூட்டு. ஆமா, ஆளில்லாத வீடு எப்படி இல்லைன்னு சொல்லும்? நீங்க வாத்தியாரா இருந்தவிய, சரியாத்தான் கேக்கிய. எங்க யாருக்கும் அது தோணலையே. பொழுது சாயுற நேரம் தெரு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை, ஆள் உண்டா, உண்டு, ஆள் உண்டா, உண்டுன்னு ஓடும். கேக்கதுக்கு நல்லா இருக்கும்.

அப்புறம் தென்காசி ஜில்லா ஆச்சு. வாடகை ஏறிட்டு. வண்டி நிறுத்த இடமில்லைன்னு ஒவ்வொரு குடும்பமா வெளிய போய் வீடு கட்டினாவ. நானும்தான், இப்ப மேலகரத்துல இருந்து பஸ்ல வாரேன். மாடியெல்லாம் குடோன் ஆகிட்டு. அட்டைப்பெட்டி. அந்த ஜன்னலைப் பாருங்க, பெட்டி வெளிய எட்டிப் பாக்குது, ஆளு நிக்க மாதிரி. காத்தடிச்சா மேல என்னத்தையோ இழுக்க மாதிரி சத்தம் வரும். ரஹ்மத் பாய் மாடியில இப்ப ஒரு ஈ காக்கா கிடையாது. ஆனாலும் ஷட்டரை இழுக்குமுன்ன, மேல ஆள் உண்டாம்பாரு. கேட்டுட்டு சும்மாவும் போக மாட்டாரு, கொஞ்ச நேரம் நிப்பாரு. என்ன பாய் பெட்டி பேசுமான்னு நான் கேலி பண்ணுவேன். பேசிட்டா என்ன செய்ய தாயின்னு சொல்லுவாரு.

கடைசியில தெருவுல குடியிருந்தது ஸ்டான்லி குடும்பம் மட்டுந்தான். அவன், பொன்செல்வி, சுஜிதா.

அன்னைக்கும் சீசன்தான். அருவியில நல்ல தண்ணி, கூட்டமான கூட்டம். மத்தியானம் ஸ்டான்லி சரக்கைத் தூக்கி ஆட்டோவுல வச்சுட்டு உள்ள போய், மேல ஆள் உண்டான்னு கேட்டான். நான் இங்கன இருந்து கேட்டேன். மறுக்கா கேட்டான். சத்தம் இல்லை. சாதாரணமா அந்த நேரம் பொன்செல்வி காய்கறி வாங்கிட்டு அப்படியே பிள்ளையக் கூப்பிடப் போயிருவா. அப்படிப் போயிட்டான்னுதான் நினைச்சான். இந்தத் தெருவுல பொறந்தவன் வேற எப்படி நினைப்பான், சொல்லுங்க? வெளிய பூட்டிட்டு ஆட்டோவுல ஏறிட்டான்.

அவ மேல தலை சுத்தி விழுந்து கிடந்திருக்கா.

பள்ளிக்கூடம் விட்டு அம்மா வரலைன்னு பிள்ளை தானே நடந்து வந்துட்டா. கடை பூட்டிக் கிடந்துது. ரஹ்மத் பாய் கடைப் படியில உக்காத்தி வச்சு முறுக்கு குடுத்தாரு. பாய் பொன்செல்விக்குப் போன் போட்டாரு. மேல மணி அடிச்சுது, அண்ணாச்சி. பூட்டின வீட்டுல மணி அடிக்குது, தெருவே நிமிந்து பாக்குது. பிள்ளை சிரிச்சுக்கிட்டே, அம்மா போனை வச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லுதா. பாய்க்கு முகமே மாறிட்டு. சுத்தியல எடுத்து அந்தப் பூட்டை அடிச்ச அடி இருக்கே...

டீ ஆறுது, குடிங்க. ஆமா, நேரமாயிட்டுன்னுதான் டாக்டரும் சொன்னாரு.

கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஸ்டான்லிக்குப் பூட்டுல கை வைக்க முடியலை. மேல ஆள் உண்டாம்பான், சத்தம் வராது. ஏறிப் போய்க் குளியலறையப் பாப்பான், கட்டிலுக்கடியில பாப்பான், இறங்கி வருவான். பூட்டைக் கையில எடுத்துட்டு மறுபடியும் ஏறுவான். இப்பப் பாருங்க, ஷட்டர் பாதி தூக்கினபடி கிடக்குல்லா? உள்ள யாரும் இல்லை. பூட்டாமத்தான் போயிருக்கான். நாங்கதான் பாத்துக்கிடுதோம்.

அப்புறம் எப்படித் தேறினானா? பிள்ளையாலதான். ஒருநாள் அவன் கீழ நின்னு சத்தம் குடுக்கான், மேல இருந்து, உண்டுன்னு பதில் வந்துது. எனக்குக் கையில இருந்த கத்தரி விழுந்துட்டு. பொன்செல்வி குரலு, அப்படியே. அந்த உண்டைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவா அவ. பாய் எந்திரிச்சு நின்னுட்டாரு. பாத்தா சுஜிதா. அவன் அந்தானிக்கு உள்ள போய் ஷட்டரை இறக்கிட்டான். ரொம்ப நாளைக்குப் பொறவு அன்னைக்குத்தான் தூங்கியிருப்பான்.

அதுல இருந்து தினமும் அதுதான். எங்க விளையாடிக்கிட்டு இருந்தாலும் அப்பா வார நேரத்துக்கு விட்டுட்டு ஓடி வந்து மாடி ஏறிருவா. மேல இருந்தாத்தானே சத்தம் குடுக்க முடியும்? கூட்டாளி பொறந்தநாளுக்குக் கூப்பிட்டா, போகலை. பள்ளிக்கூடத்துல கன்னியாகுமரி கூட்டிட்டுப் போனாவ, பொழுதடைய வர முடியாதுன்னு இவ போகலை. கிறிஸ்மஸுக்கு உங்க ஊருக்கு வந்தாள்லா? அந்த நாளெல்லாம் இவன் ஷட்டரைத் தூக்கி வச்சுப் பனியில உக்காந்திருந்தானாம், பால்காரன் சொன்னான். அது தெரிஞ்சு, பிள்ளை பாதியிலயே வந்துட்டா. என்ன பொறுப்பான பிள்ளைன்னு தெருவே மெச்சும். நானும் மெச்சினவதான். இப்ப உங்ககிட்ட வரிசையாச் சொல்லும்போதுதான்... சரி, விடுங்க.

இல்லை அண்ணாச்சி, அவன் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், ஒரு வார்த்தை அதட்ட மாட்டான். இட்லி அவிச்சு ஊட்டி விடுவான். தலை பின்னத்தான் தெரியாது, அது நான்.

பிள்ளைக்குப் பதிலா வேற ஆளு யாராவது சத்தம் குடுத்தாப் போதும்னு நினைக்கேன். நானே சாயந்தரம் மேல போய் உக்காந்து ஒரு உண்டு சொல்லிட்டு இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடிச்சாப் போச்சு. புருசன் இல்லாதவ பொண்டாட்டி இல்லாதவன் வீட்டுல என்ன செய்தான்னு நாலு பேரு பேசுவான். பேசட்டும், சவத்தை. இந்தக் குரலுக்கு அவன் பூட்டுவானாங்கதுதான் தெரியலை.

ஸ்டான்லிகிட்ட விசயத்தை நீங்கதான் சொல்லணும். என்னால ஆகாது. ஆனா, கொன்னவன்கிட்டப் பேசுத மாதிரிப் பேசாதிய. அதுக்குத்தான் இம்புட்டு நேரம் உங்களை உக்கார வச்சது.

என்ன விசயமா? முந்தாநாள் யூனிஃபார்முக்கு அளவெடுத்தேன். கையத் தூக்கிட்டு நின்னா. ஏட்டி, அப்பாகூட இருக்கியா, சித்தி வீட்டுக்குப் போறியான்னு கேட்டேன்.

சுரண்டைக்குப் போறேன்னு சொன்னா.